குச்சி கா கத்தாய்: ஓஸ்லோவில் வாய் திறக்காத ஒருவர்

பனிக்கரடி, வானத்துப் பச்சை வெளிச்சம், மலையிடுக்கில் கப்பல் என்று எதையாவது எதிர்பார்த்து வந்திருந்தால், முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கட்டுரை உங்களை ஏமாற்றிவிடும். இந்த ஜூனில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மூன்று வாரம் ஓஸ்லோ போய்வந்தேன். ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்றுதான் சொந்தக்காரர்களிடம் சொல்லியிருந்தோம். உண்மையில் அது ஒத்திகை. அப்பா தவறி ஒன்றரை வருடமாகிறது. கோபிச்செட்டிபாளையத்து வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார். நான் சென்னையில், தங்கை நித்யா ஓஸ்லோவில். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, அம்மா கோடையில் மூன்று மாதம் நித்யாவோடும் மீதி நாள் என்னோடும் இருப்பது என்று நாங்கள் இருவரும் பேசி முடித்திருந்தோம். குடிவர ஓர் ஆசிரியர் குடும்பம் தயாராக இருந்தது. நாங்கள் ஓஸ்லோ போன இரண்டாவது ஞாயிற்றுக்கிழமைக்குள் அவர்களுக்குச் சரி என்றோ இல்லை என்றோ சொல்லியாக வேண்டும்.

அம்மாவைக் கேட்டீர்களா என்பீர்கள். கேட்டோமே! நானும் கேட்டேன், நித்யாவும் கேட்டாள், இரண்டு பேரும் வீடியோவில் சேர்ந்தும் கேட்டோம். "உங்க இஷ்டம் அம்முணி" என்றார். தமிழ்நாட்டுத் தாய்மார்கள் "உங்க இஷ்டம்" என்று சொன்னால் அதற்கு ஆயிரம் அர்த்தம் உண்டு. நாங்கள் எங்களுக்குத் தோதான அர்த்தத்தை எடுத்துக்கொண்டோம்.

சென்னையிலிருந்து தோஹா வழியாக ஓஸ்லோ. ஆளுக்கு அறுபத்தெட்டாயிரம் ரூபாய், போக வர. நான்கு மாதம் முன்னாலேயே எடுத்ததால் இந்த விலை. தோஹாவில் மூன்று மணி நேரம் காத்திருப்பு. அறுபத்தெட்டு வயதில் முதல் வெளிநாட்டுப் பயணம் அம்மாவுக்கு. விமானத்தில் கொடுத்த சின்ன வெண்ணெய்க் கட்டிகளைப் பிரிக்காமல் பைக்குள் போட்டுக்கொண்டார். "வீணாப் போகும்ல" என்றார். தோஹாவில் இறங்குவதற்குள் அவை உருகி, பையிலிருந்த சால்வையில் ஊறிவிட்டன. அந்த வெண்ணெய் வாசம் மூன்று வாரமும் போகவே இல்லை.

ஓஸ்லோ விமான நிலையம் நகரத்திலிருந்து ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். இரண்டு வகை ரயில் உண்டு. வேக ரயில் விலை அதிகம், சாதாரண ரயில் அதில் பாதிதான். நேரம் என்னவோ நான்கைந்து நிமிட வித்தியாசம். கண்ணை மூடிக்கொண்டு சாதாரண ரயிலில் ஏறுங்கள். அறுபத்தேழு வயது தாண்டியவர்களுக்கு அரைக் கட்டணம். மத்திய நிலையத்தில் நித்யாவும் அவள் கணவன் கார்த்தியும் காத்திருந்தார்கள். அங்கிருந்து மெட்ரோவில் இருபது நிமிடம் கிழக்கே போனால் அந்தத் தடத்தின் கடைசி நிலையம். அதன் பக்கத்தில் எல்லிங்ஸ்ருட் என்ற குடியிருப்பில்தான் அவர்கள் வீடு. அடுக்குமாடிகளுக்குப் பின்னாலேயே காடு தொடங்கிவிடுகிறது. சமையலறை ஜன்னலில் நின்றால் பைன் மரம் கைக்கு எட்டும்.

முதல் மூன்று நாள் வழக்கமான சுற்றுலா. ஏழு நாள் பயணச் சீட்டு ஒன்று எடுத்துவிட்டால் மெட்ரோ, டிராம், பேருந்து, தீவுகளுக்குப் போகும் படகு எல்லாவற்றுக்கும் செல்லும். சிலைப் பூங்காவுக்குக் கட்டணம் கிடையாது. அங்கே அத்தனை சிலைகளும் பிறந்த மேனிக்கு நிற்கும். அம்மா சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஒன்று விடாமல் பார்த்தார். "நல்லாருக்குங்களா?" என்று கேட்டதற்கு, "நல்லாருக்கு கண்ணு" என்றார். கடலோர ஓபரா அரங்கின் கூரைமேல் நடக்கலாம், அதற்கும் கட்டணம் இல்லை. அதையும் நல்லாருக்கு என்றார். நித்யா அவருக்கென்று புதிதாக வாங்கிப் போட்டிருந்த கட்டில், நல்லாருக்கு. ரொட்டியோடு பழுப்புப் பாலாடைக்கட்டி, நல்லாருக்கு. எனக்கு லேசாகச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை.

நான்காம் நாள் ஓபரா பக்கம் மறுபடி போனபோது, டிராம் நிறுத்தத்தில் அம்மாவுக்குத் தலை சுற்றிவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் தெரிந்தது, வந்ததிலிருந்து அவர் சரியாகத் தூங்கவே இல்லை. ஜூனில் இங்கே இரவு பத்தரைக்கு மேல்தான் சூரியன் மறைகிறது, மறைந்த பிறகும் இருட்டுவதில்லை. வெளிச்சம்தான் காரணம் என்று நித்யா ஜன்னலுக்கு இரண்டு திரை மாட்டினாள். அடுத்த நாளும் தூக்கம் இல்லை. வியாழக்கிழமைக்கு ஒரு மருத்துவரிடம் நேரம் வாங்கினாள்.

இனிமேல்தான் கதை.

மருத்துவமனையில் நேரம் கொடுக்கும்போதே கேட்டிருக்கிறார்கள், நோயாளிக்கு என்ன மொழி என்று. நித்யா தமிழ் என்றிருக்கிறாள், அத்தோடு மறந்தும் விட்டாள். நாங்கள் போய்க் காத்திருந்தபோது எதிர் வரிசையில் ஒரு பெண் இருந்தார். ஐம்பது வயதிருக்கும், நெற்றியில் சின்னப் பொட்டு, தோளில் துணிப்பை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஐந்தாறு நாளாகத் தங்கையையும் மாப்பிள்ளையையும் தவிர வேறு தமிழ் முகம் பார்க்கவில்லையே! எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "தமிழுங்களா? நாங்க ஊர்ல இருந்து வந்திருக்கோம். அம்மாவுக்கு உடம்பு சரியில்ல..." என்று ஆரம்பித்தேன்.

அவர் சிரித்தார். நல்ல சிரிப்புதான். "ஓம், தமிழ்தான். குறை நினைக்காதேங்கோ, இப்ப கதைக்கேலாது" என்று சொல்லிவிட்டு எழுந்தார். போய் ஜன்னல் பக்கம், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "பாத்தியா, இலங்கைக்காரங்களுக்கு நம்மளக் கண்டா ஆகாதுன்னு சொல்வாங்களே, நெசம்தான் போல" என்று நித்யாவின் காதில் சொன்னேன். அவள் என் முழங்கையில் ஓங்கிக் கிள்ளினாள். "வாய மூடுக்கா. அவங்க தொல்க். மொழிபெயர்ப்பாளர். உள்ள போறதுக்கு முன்னாடி நோயாளி வீட்டாரோட பேசக் கூடாது. பேசினா யாரோ ஒருத்தர் பக்கம் சாய்ஞ்ச மாதிரி ஆயிரும்." முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை எனக்கு.

அதோடு முடிந்ததா? மருத்துவர் வந்து அம்மாவின் பெயரைக் கூப்பிட்டார். நாங்கள் மூவரும் எழுந்தோம். மருத்துவர் எங்களைப் பார்த்து, அம்மாவும் மொழிபெயர்ப்பாளரும் மட்டும் வந்தால் போதும் என்றார். எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும், தங்கைக்கு நார்வீஜிய மொழியே வரும், நாங்களே சொல்லிவிடுவோம் என்றேன். அது எனக்குத் தெரிகிறது, இருந்தாலும் உறவினர்களை வைத்து மொழிபெயர்ப்பதை நான் விரும்புவதில்லை என்றார். குரலில் கோபம் இல்லை, ஆனால் கதவு சாத்தப்பட்டது. பெற்ற இரண்டு மகள்கள் வெளியே, யாரோ ஒரு பெண் உள்ளே. நாற்பது நிமிடம். காய்ச்சல், தலைவலி என்றாலே இரண்டு வார்த்தையில் முடித்துவிடும் அம்மா, நாற்பது நிமிடம் என்னதான் பேசினார்?

கதவு திறந்தபோது அம்மாவின் கண் சிவந்திருந்தது. முகம் மட்டும் தெளிவாக இருந்தது. இதயத்துக்கு ஒன்றுமில்லை, ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, இந்த மாத்திரை, நல்ல தூக்கம் என்று மருத்துவர் எங்களிடம் சொன்னார். வேறு ஏதாவது உண்டா என்று கேட்டேன். உங்கள் அம்மா விரும்பினால் அவரே சொல்வார் என்றார். நான் திரும்புவதற்குள் அந்தப் பெண் துணிப்பையை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டிருந்தார்.

மெட்ரோவில் வீடு திரும்பும்போது எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. அப்போதுதான் நகோயா ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்கு முன்பு ஜப்பானில் அந்த ஊரில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். எங்கள் மேலாளர் ஒரு சக ஊழியரைப் பற்றி அடிக்கடி ஒன்று சொல்வார்: குச்சி கா கத்தாய். வாய் கெட்டியானது என்று அர்த்தம். சொன்னது அவரிடமிருந்து வெளியே போகாது, நம்பிச் சொல்லலாம் என்பது கருத்து. அங்கே அது பெரிய பாராட்டு. என்னைப் பற்றி அப்படி யாரும் சொன்னதில்லை என்பதை உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊரில் வாய் திறக்காதவர்களுக்கு என்னென்ன பெயர் வைத்திருக்கிறோம் என்று யோசித்துப் பார்த்தேன். அழுத்தக்காரி. கல்லுளிமங்கன். ஊமைக்கோட்டான். வாயில் என்ன கொழுக்கட்டையா என்பது வேறு. அத்தனையும் திட்டு! ரகசியம் காப்பவரை வாயாரப் பாராட்ட ஒரு பேச்சுச் சொல் எனக்குக் கிடைக்கவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் கீழே எழுதுங்கள்.

வெள்ளிக்கிழமை அம்மாவை ஸ்டோவ்னருக்குக் கூட்டிப் போனேன். நித்யாவுக்கு வேலை, நாங்கள் இருவர் மட்டும். மெட்ரோ மாறிப் போக வேண்டும், முக்கால் மணி நேரம் பிடித்தது. உயரமான குடியிருப்புகளும் பெரிய கடைவளாகமும் இருக்கிற இடம். அங்கே ஒரு தமிழ்ச் சாமான் கடையில் முருங்கைக்காய் பார்த்ததும் அம்மா முகம் மலர்ந்தது. திரும்பினால், வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டு அதே பெண்!

அவர் எங்களைப் பார்த்தார், ஆனால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அம்மாதான் நேரே போய் அவர் கையைப் பிடித்தார். அதன் பிறகே அவர், "வணக்கம் அம்மா. எப்பிடி, ஒஸ்லோ பிடிச்சிருக்கோ?" என்றார், ஏதோ அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பது போல. பெயர் சுகந்தி என்று சொன்னார். இரண்டு பேரும் முருங்கைக்காய் முற்றலா இளசா என்று பேசினார்கள். அம்மா பருப்பு வகைகளின் பக்கம் நகர்ந்ததும் நான் விடவில்லை.

"அன்னிக்கு வெளிய நான் பேச வந்ததுக்கு மன்னிச்சுக்கங்க. தெரியாமப் பண்ணிட்டேன்."

"அதுக்கென்ன, எல்லாரும் செய்யிறதுதான்."

"ஒரே ஒரு விஷயம். அம்மா உள்ள என்னங்க சொன்னாங்க? நான் அவங்க மூத்த பொண்ணு. நாங்க ஒரு முக்கியமான முடிவு எடுக்கணும், ஞாயித்துக்கிழமைக்குள்ள. அதனாலதான் கேக்கறேன்."

அவர் வெண்டைக்காயைப் பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டார். "நான் அந்த அறையிலை கேக்கிறதை அங்கையே விட்டிட்டு வாறனான். தௌஷெட்ஸ்ப்ளிக்ட் எண்டு சொல்லுவினம் இஞ்சை. வாய் திறக்கக் கூடாது எண்டது கடமை. சட்டம்தான், ஆனா எனக்குச் சட்டத்துக்கு முதலே பழக்கம். பன்ரெண்டு வயசிலை இந்த நாட்டின்ரை வடக்கை, பாட்ஸ்பியோர்ட் எண்ட ஊருக்கு வந்தனான். அப்பா அங்கை மீன் ஃபாக்டரியிலை வேலை. தொல்க் ஒருத்தரும் இல்லை. டொக்டரிட்டைப் போற தமிழ் ஆக்கள் எல்லாரும் என்னைத்தான் கூட்டிக்கொண்டு போவினம். ஆருக்கு என்ன வருத்தம், என்ன நோய் எண்டு அவையின்ரை பிள்ளையளுக்கு முதல் எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளையளோடைதான் பின்னேரம் நான் விளையாடுறது."

"யாருக்கு என்ன..." என்று நான் வாயைத் திறந்தேன். பழக்கதோஷம்.

"பாத்தீங்களோ!" என்று சிரித்தார். பிறகு அம்மா நின்ற பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் ஒண்டும் சொல்லேலாது. ஆனா உங்கள் ரெண்டு பேருக்கும் நடுவிலை தொல்க் தேவையில்லைத்தானே?"

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கோபம் வந்தது, வந்த வேகத்தில் போயும் விட்டது. அவர் சொல்லியிருந்தால் எனக்கு அம்மாவின் பதில் கிடைத்திருக்கும். நான் அம்மாவைக் கேட்டதாக ஆகியிருக்காது.

கடையிலிருந்து நடக்கும் தூரத்தில் ஸ்டோவ்னர் கோபுரம் இருக்கிறது. கோபுரம் என்றால் படி ஏறும் கோபுரம் இல்லை. மரங்களுக்கு நடுவே மெதுவாகச் சுழன்று மேலேறும் நடைபாதை. கட்டணம் கிடையாது, சக்கர நாற்காலியும் போகும், முதியவர்களைத் தாராளமாகக் கூட்டிப் போகலாம். மேலே போனால் மரத் தலைகளுக்கு அப்பால் முழுப் பள்ளத்தாக்கும் தெரிகிறது. மாலை ஐந்து மணி, நல்ல வெயில், காற்று. முருங்கைக்காய்ப் பையைக் கீழே வைத்துவிட்டு நான் கேட்டேன். "அம்மா, எங்க இஷ்டம் கெடக்கட்டும். உங்க இஷ்டம் என்ன? நான் நித்யாகிட்டக்கூட சொல்ல மாட்டேன்."

"நீயா?" என்றார் அம்மா. நியாயமான சந்தேகம்.

பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் பேசினார். "எனக்கு என்ற வூட்லயே இருக்கோணும் கண்ணு. தனியா."

"தனியா எதுக்கும்மா கஷ்டப்படறீங்க?"

"கஷ்டமில்ல. அதத்தான் சொல்ல வெக்கமா இருக்குது." சால்வையைச் சரிசெய்துகொண்டார். "உங்கப்பா தங்கமான மனுசன். ஒரு நாள் கை நீட்டல, வையல. ஆனா அந்த வூட்ல எல்லாம் அவரு நேரத்துக்குத்தான். அவரு பசிக்குத்தான் அடுப்பு. அவரு தூங்கினாத்தான் வெளக்கு அணையும். நாப்பத்தி மூணு வருசம் மடிப்புக் கலைஞ்ச பேப்பரத்தான் படிச்சேன். இப்ப காலைல பேப்பர நான் பிரிக்கறேன், அம்முணி. மொறமொறன்னு இருக்குது. பசிச்சாச் சாப்படறேன், இல்லீன்னா ரெண்டு வாழப்பழம். எட்டு மணிக்குத் தூங்கறேன். புருசன் போயி ஒன்றர வருசத்துல ஒருத்தி நிம்மதியா இருக்கேன்னு சொல்ல முடியுமா? சொன்னா ஊரு என்ன பேசும்? நீங்க ரெண்டு பேரும் என்ன நெனப்பீங்க?"

உள்ளபடி சொல்கிறேன், முதலில் எனக்கு வலித்தது. அப்பா செல்லம் நான். அவருக்காக வலித்தது. அதன்பிறகுதான், அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த எனக்குப் பேப்பர் மடிப்பு ஒருநாளும் கண்ணில் படவில்லையே என்று வெட்கமாகிவிட்டது. அம்மாவின் தோளில் சாய்ந்து அழுதேன். அவர் என் முதுகைத் தட்டிக்கொண்டே, "அவரத் தேடுதுடி எனக்கு. அதுவும் நெசம், இதுவும் நெசம்" என்றார்.

"டாக்டர்கிட்ட மட்டும் எப்படிம்மா சொன்னீங்க?"

"அந்தப் புள்ள மொதல்லயே சொல்லிருச்சு. நீங்கள் இஞ்சை சொல்றது வெளியாலை போகாது, நான் கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன்னு. அறுவத்தெட்டு வருசத்துல என்கிட்ட ஒருத்தரும் அப்படிச் சொன்னதில்ல. சொன்னவுடனே எனக்குத் தானா வந்துருச்சு."

நித்யாவிடம் நீயே சொல்லிவிடு என்றார் அம்மா. மாட்டேன் என்றேன். சனிக்கிழமை காலை கார்த்தியைக் கூட்டிக்கொண்டு காட்டுப் பக்கம் நடக்கப் போய்விட்டேன், அவர்கள் இருவரையும் வீட்டில் விட்டுவிட்டு. என்ன பேசுகிறார்களோ என்று எனக்கு நாக்கு துறுதுறுத்தது. கார்த்தி பாவம், ஒன்றும் புரியாமல் காளான் பெயர்களைச் சொல்லிக்கொண்டு வந்தான். திரும்பி வந்தபோது நித்யா மூக்கு சிவந்து உட்கார்ந்திருந்தாள். புதுக் கட்டிலை என்ன செய்வது என்று கேட்டாள். வருடத்துக்கு ஒரு தடவை விருந்தாளியாக வந்து அதில் படுப்பேன் என்றார் அம்மா. அன்றைக்கு இரவு, அந்த வெளிச்சத்திலேயே, அம்மா எட்டு மணிக்குத் தூங்கிப்போனார். ஞாயிற்றுக்கிழமை ஆசிரியர் வீட்டுக்கு நானே அழைத்து, வீடு கிடைக்காது என்று சொன்னேன். பாவம், நல்ல மனிதர்கள். அவர்களிடம் இன்னொரு முறை இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இதையெல்லாம் ஊரறிய எழுதலாமா என்று கேட்காதீர்கள். அம்மாவே சொன்னார். ஊருக்குப் போனால் மகள்களோடு ஏன் போகவில்லை என்று நூறு பேர் கேட்பார்கள், ஒவ்வொருவருக்கும் பதில் சொல்ல என்னால் ஆகாது, "நீ எழுதிப் போட்ரு, எல்லாரும் படிச்சுக்கட்டும்" என்றார். எழுதியதைப் படித்துக் காட்டினேன். வெண்ணெய்க் கட்டியை எடுத்துவிடச் சொன்னார். அதை மட்டும் எடுக்கவில்லை.

பெற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஜூன், ஜூலையில் போனால் கண்ணை மூடிக்கொள்ளத் துணிப்பட்டை அவசியம். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், பாட்டில் வாங்கிக் காசைக் கரியாக்காதீர்கள். வெயில் அடித்தாலும் ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும். பயணக் காப்பீடு இல்லாமல் விமானம் ஏறாதீர்கள், அங்கே மருத்துவச் செலவு கையைக் கடிக்கும். மருத்துவரிடம் நேரம் வாங்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். எங்களிடம் அதற்குத் தனியாகக் கட்டணம் வாங்கவில்லை. உங்களுக்கு எத்தனை மொழி தெரிந்தாலும் சரி, நீங்கள் வெளியே உட்காருங்கள். எதிர் வரிசையில் பொட்டு வைத்த ஒருவர் உங்களோடு பேசாமல் ஜன்னல் பக்கம் போனால், திமிர் என்று நினைக்காதீர்கள். உங்கள் அம்மாவுக்காகத்தான் போகிறார்.

கடைசி நாள், விமான நிலையத்தில் பெட்டிகளைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். சும்மா இருக்க முடியாமல் நான் கேட்டேன். "ஏம்மா, டாக்டர் ரூம்ல நாப்பது நிமிசம் இருந்தீங்க. எங்ககிட்டச் சொன்னதெல்லாம் சேத்தாலும் பத்து நிமிசம் தாண்டாதே. மீதி என்ன?"

அம்மா சால்வையை இழுத்து மூடிக்கொண்டு சிரித்தார். "அது அந்தப் புள்ளகிட்டயே இருக்கட்டும்."

நான் மேலே கேட்கவில்லை. ஓஸ்லோவில் ஒருவரிடம் அது பத்திரமாக இருக்கிறது. சுகந்தி, உங்களுக்கு நன்றி.